மதகுக்கு வெள்ளையடிக்கச் சொல்பவர்கள்

ஓப்பன் சோர்ஸில் கால் வைக்க நினைக்கும் மாணவனிடம் "சின்னதா ஆரம்பி தம்பி. ஸ்பேஸ் சரி பண்ணு, எழுத்துப்பிழை திருத்து, நாலு பேட்ச் போடு, உள்ளே போயிடலாம்" என்று சொல்பவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம். கேட்பதற்கு அந்த அறிவுரை இதமாக இருக்கும். எளியவனுக்குக் கதவைத் திறந்துவிடுவது போலத் தெரியும். கல்லூரி செமினார் ஹால்களில் பொன்னாடையும் நினைவுப் பரிசும் வாங்கிக்கொண்டு பேசும் விருந்தினர்கள் பெரும்பாலும் சொல்வது இதைத்தான். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் சாலவாக்கத்திலிருந்தோ மானாம்பதியிலிருந்தோ முதல் பஸ் பிடித்து வந்தவன். அவனுக்கு அது வேதவாக்கு. நான் அதை ஏமாற்று வேலை என்கிறேன்.

நான் உத்திரமேரூர்க்காரன். பகலில் ஒரு கம்பெனிக்குக் கோட் எழுதுகிறேன். இரவில், பைசா வாங்காமல், தமிழ்ச் சொற்களைத் தேடவும் வரிசைப்படுத்தவும் உதவும் சின்ன நிரல்தொகுப்பு ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். யார் வேண்டுமானாலும் அதை எடுத்துத் திருத்தி எனக்கு அனுப்பலாம். அப்படி வரும் திருத்தம்தான் பேட்ச். அதை வரிவரியாகப் படித்து, சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பது ரிவ்யூ. ரிவ்யூ செய்கிறவனின் இடத்திலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

'ஸ்டைல் கிளீனப்' என்பது, நிரல் செய்யும் வேலையில் எந்த மாற்றமும் இல்லாமல் அதன் தோற்றத்தை மட்டும் ஒழுங்காக்குவது. வரிக் கடைசியில் கிடக்கும் வெற்றிடத்தை நீக்குவது, அடைப்புக்குறியை மேல் வரிக்கு ஏற்றுவது, மாறியின் பெயரை நீட்டுவது குறைப்பது, இந்த மாதிரி. இந்த இதழைப் படிக்கிறவர்களுக்கு வேறு உதாரணம் சொன்னால் சட்டென்று புரியும். மூன்று மாதம் உழைத்து ஒரு கதை எழுதிப் போடுகிறீர்கள். முதல் பின்னூட்டம் வருகிறது: 'நான்காம் பத்தியில் வல்லினம் மிகாது.' அவ்வளவுதான். அந்த மனிதர் கதையைப் படித்தாரா? தெரியாது. சொன்னது தப்பா? தப்பில்லை, சரியாகவே இருக்கும். நன்றி சொல்லித் திருத்திக்கொள்வீர்கள். இதே ஆள் தினமும் நாற்பது கதைக்கு இப்படி எழுதி, அந்த நாற்பதையும் தன் ரெஸ்யூமில் 'இலக்கியப் பங்களிப்பு' என்று போட்டுக்கொண்டால்?

மிகைப்படுத்தவில்லை. ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்று ஒன்று, 2014இல் டிஜிட்டல்ஓஷன் ஆரம்பித்தது. 2020இல் அதன் விதி, அக்டோபருக்குள் நான்கு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் முதல் 70,000 பேருக்கு டி-ஷர்ட். நம் நாட்டில் பெருங்கூட்டம் பார்க்கும் ஒரு யூடியூப் சேனலில் 'எப்படி அனுப்புவது' என்று செய்து காட்டினார்கள். உதாரணத்துக்கு ஒரு திட்டத்தின் அறிமுகக் கோப்பில் 'அருமையான திட்டம்' என்பதுபோல ஒரு சொல் சேர்த்தார்கள். அதே சொல்லோடு உலகம் முழுக்க உள்ள திட்டங்களுக்குப் புல் ரிக்வெஸ்ட்கள் போய்க் குவிந்தன. அக்டோபர் 3ஆம் தேதியே விதியை மாற்றி, 'நாங்கள் தயார்' என்று சொன்ன திட்டங்களுக்கு அனுப்புவது மட்டும்தான் கணக்கு என்று ஆக்க வேண்டியதாயிற்று. 2024 தொடக்கத்தில் எக்ஸ்பிரஸ் திட்டத்துக்கும் அதே கதி. பாட வீடியோ ஒன்றில் மாதிரிக்காக அந்தத் திட்டத்தைக் காட்டினார்கள். மாணவர்கள் அதன் அறிமுகக் கோப்பில் தங்கள் பெயரைச் சேர்த்து அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். இரண்டு முறையும் இணையத்தில் 'இந்தியர்கள்' என்று ஒரு சிரிப்பு கிளம்பியது. சிரித்தவர்களில் நம்மாட்கள் நிறைய. அந்தப் பையன்களுக்கு இதைத்தான் பங்களிப்பு என்று சொல்லிக்கொடுத்தார்கள். சொல்லிக்கொடுத்தவர்களைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

பெயர் சேர்ப்பதாவது பார்த்தவுடன் தெரிந்துவிடும், மூடிவிடலாம். கிளீனப் அப்படிப்பட்டதில்லை. அதற்கு ஒரு மரியாதையான முகம் இருக்கிறது.

சென்ற வருடம் எனக்கு ஒரு பேட்ச் வந்தது. தலைப்பு: 'தேவையற்ற வரிகள் நீக்கம்'. நாற்பது கோப்புகளில் வரிக்கடைசி வெற்றிடங்களை நீக்கியிருந்தான். கூடவே ஊர்ப்பெயர்ப் பட்டியலில் ஸ்ரீபெரும்புதூர் இரண்டு முறை வருகிறது என்று ஒன்றை எடுத்திருந்தான். திரையில் பார்த்தால் அவன் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. இரண்டு வரியும் அச்சு அசலாக ஒன்று. ஆனால் ஸ்ரீ என்ற அந்த ஒற்றை உருவத்தைக் கணினியில் இரண்டு விதமாக எழுதலாம். ஸகரத்தில் தொடங்கி எழுதுவது ஒன்று. 2005இல் யூனிகோடு 4.1இல் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கி எழுதுவது இன்னொன்று. எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே மாதிரிதான் வரைந்து காட்டும். கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். வேறுபட்ட வடிவங்களைச் சமப்படுத்த யூனிகோடு வைத்திருக்கும் நார்மலைசேஷன்கூட இவற்றை ஒன்றாக்காது. அதனால்தான் பட்டியலில் இரண்டும். ஒரு வரியை எடுத்துவிட்டால், சில கீபோர்டுகளில் தட்டுகிறவர்களுக்கு ராமானுஜர் பிறந்த ஊர், ஹூண்டாய் கார் பிறக்கிற ஊர், தேடலில் இல்லவே இல்லாமல் போகும்.

கமென்ட் எழுதி வைக்கக் கூடாதா என்பீர்கள். இருந்தது, பத்து வரி மேலே. அதையும் 'பழைய கமென்ட்' என்று பேட்ச் நீக்கியிருந்தது.

வரியை நீக்க அவனுக்கு நாலு வினாடி ஆகியிருக்கும். நாற்பது கோப்பு வெற்றிடத்துக்கு நடுவே அந்த வரியைக் கண்டுபிடிக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அவனோடு பேசினேன்.

"அண்ணா, ரெண்டும் ஒண்ணாதானே இருக்கு?"

"ரெண்டையும் காப்பி பண்ணி, சமமான்னு பைத்தான்ல கேட்டுப் பாரு தம்பி."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அண்ணா, ஃபால்ஸ்னு வருது. எப்படிண்ணா?"

அதற்கு முன்பு அவன் வெவ்வேறு திட்டங்களுக்குப் பதினாறு கிளீனப் அனுப்பியிருந்தான். பன்னிரண்டு ஏற்கப்பட்டிருந்தன. ஒன்றுகூட அவனை அந்த 'எப்படிண்ணா'வுக்குக் கொண்டுவரவில்லை. பன்னிரண்டு பொறுப்பாளர்கள் 'நன்றி' என்று ஒரு வார்த்தை போட்டு அவனை அனுப்பிவிட்டார்கள். என் கோபத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

இது ஏதோ தமிழ் எழுத்தின் தனிச் சிக்கல் என்று நினைத்துவிடாதீர்கள். 2006இல் டெபியன் லினக்ஸில் ஓப்பன்எஸ்எஸ்எல் தொகுப்பின் ஒரு கோப்பில் நடந்ததும் இதுதான். வால்கிரைண்ட் என்கிற சோதனைக் கருவி எச்சரிக்கை காட்டிக்கொண்டே இருந்தது. எச்சரிக்கை வராமல் இருக்க, கோப்பில் இரண்டு இடத்தில் ஒரே மாதிரி இருந்த ஒரு வரியைச் செயலிழக்கச் செய்தார்கள். ஓரிடத்தில் அந்த வரி போனால் பெரிய நஷ்டம் இல்லை. இன்னோரிடத்தில் அதுதான் உயிர். ரகசியச் சாவிகளை ஊகிக்க முடியாதபடி செய்யும் தற்செயல்தன்மை அதன் வழியாகத்தான் உள்ளே வந்தது. செய்தவர் பொறுப்பற்றவர் இல்லை. ஓப்பன்எஸ்எஸ்எல் அஞ்சல் குழுவில் கேட்டுவிட்டுத்தான் செய்தார். பதில் சொன்னவர்கள் ஊன்றிப் பார்க்கவில்லை. 2008 மே மாதம் விஷயம் வெளியே வந்தபோது, அந்த இடைப்பட்ட காலத்தில் டெபியனிலும் உபுண்டுவிலும் உருவான சாவிகளை எடுத்துப் பார்த்தால், ஒவ்வொரு வகைக்கும் அளவுக்கும் சாத்தியமானவை மொத்தமே 32,768தான். ஒரு சாதாரணக் கணினியை ஓடவிட்டு எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடலாம். உலகமெங்கும் சர்வர்களில் சாவி மாற்றினார்கள்.

வெற்றிடம் மட்டும் மாற்றினால் ஆபத்தில்லை என்பார்கள். பைத்தான் மொழியில் எந்த வரி எந்த வளையத்துக்குள் இருக்கிறது என்பதைத் தீர்மானிப்பதே வரித் தொடக்கத்து வெற்றிடம். ஆயிரம் வரி வெற்றிட மாற்றம் வந்தால் ரிவ்யூ செய்கிறவன் என்ன செய்வான்? 'வெற்றிடத்தைப் பொருட்படுத்தாதே' என்ற பொத்தானை அழுத்துவான். திரை சுத்தமாகிவிடும். அந்த ஆயிரத்தில் ஒரு வரி நாலு இடம் உள்ளே நகர்ந்து, வளையம் முதல் சுற்றிலேயே முடிந்துபோவது கண்ணுக்கே தெரியாது. வேலை கொடு, வேலைக் கொடு. ஒரு ஒற்றில் உத்தியோகம் ஈட்டியாகிவிடுகிறது. கிளீனப் பேட்ச்தான் ஆக உன்னிப்பாகப் படிக்க வேண்டியது. ஆக அலட்சியமாகப் படிக்கப்படுவதும் அதுதான்.

2024 மார்ச்சில் எக்ஸ்இசட் விவகாரம் வெடித்தது. சர்வரில் நுழைய அரை வினாடி கூடுதலாக ஆகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் தோண்டப் போய், உலகின் பாதி சர்வர்களுக்குள் போகவிருந்த ஒரு கள்ளக்கதவைக் கண்டுபிடித்தார். அதை வைத்த 'ஜியா டான்' என்ற பெயருக்குப் பின்னால் யார் என்று இன்றுவரை வெளிப்படவில்லை. அந்தப் பெயரில் 2021 அக்டோபரில் வந்த முதல் பேட்ச் என்ன தெரியுமா? எடிட்டர்கான்ஃபிக். அதாவது, எத்தனை வெற்றிடம் விட வேண்டும், வரி எப்படி முடிய வேண்டும் என்று எடிட்டருக்குச் சொல்லும் ஸ்டைல் கோப்பு. தனியாகப் பார்த்தால் பரம சாது. அசந்துபோயிருந்த ஒற்றைப் பொறுப்பாளரிடம் நல்ல பெயர் வாங்குவதற்கு அது முதல் படி. மாணவர்களைச் சந்தேகப்படு என்று நான் சொல்ல வரவில்லை. எண்ணிக்கையைப் பார்த்து நம்பிக்கை வைக்கும் இடத்தில், எண்ணிக்கையைச் சேர்ப்பதற்கு ஸ்டைல் பேட்சைவிட மலிவான வழி இல்லை என்கிறேன்.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு லினக்ஸ் கெர்னலைக் கொண்டுவந்து நிறுத்தும். அங்கே கிளீனப்பில் ஆரம்பித்து மேலே போனவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். அதற்கென்றே 2008இல் க்ரெக் க்ரோவா-ஹார்ட்மன் 'ஸ்டேஜிங்' என்று ஒரு தனி முற்றம் அமைத்தார். வேகாத நிரல்கள் அங்கே கிடக்கும்; என்னென்ன சரிசெய்ய வேண்டும் என்று பக்கத்திலேயே பட்டியல் இருக்கும்; கற்றுக்கொள்கிறவன் அங்கே கை வைக்கலாம். அங்கே மாணவனைத் தேற்றுவது பேட்ச் இல்லை, திரும்பி வரும் கடிதம். ஏன் மாற்றினாய் என்று எழுது, இரண்டு வேலையை ஒரே பேட்சில் போடாதே, இந்தக் கருவி சொல்வது இங்கே பொருந்தாது, மறுபடி அனுப்பு. இப்படி மூன்று நான்கு தடவை அடிபட்டவன் தேறுகிறான். அந்த முற்றத்துக்கு வெளியே, கெர்னலின் மற்ற பகுதிகளில், வெறும் கிளீனப்பைப் பல பொறுப்பாளர்கள் தொடவே மாட்டார்கள். ஸ்டைல் பிழை கண்டுபிடிக்கும் செக்பேட்ச் கருவியே, கைவிடப்பட்ட பகுதி என்று குறிக்கப்பட்ட கோப்பைக் காட்டினால், தேவையில்லாமல் இதை மாற்றாதே என்று எச்சரிக்கும். ரெயில்ஸ் திட்டத்தின் வழிகாட்டியும் தோற்றத்தை மட்டும் மாற்றும் திருத்தங்கள் பொதுவாக ஏற்கப்படாது என்றே சொல்லிவிட்டது. நம் செமினார்க்காரர்கள் கெர்னலிலிருந்து பேட்சை எடுத்துக்கொண்டார்கள், கடிதத்தை விட்டுவிட்டார்கள்.

அப்படியே ஒழுங்குபடுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் அதற்கு மனிதன் எதற்கு? கோ மொழி பிறக்கும்போதே ஜிஓஎஃப்எம்டி என்ற கருவியோடு பிறந்தது. எப்படி எழுதினாலும் அது ஒரே மாதிரி அடுக்கிவிடும். ஜாங்கோ 2022 பிப்ரவரியில் தன் மொத்த நிரலையும் பிளாக் என்ற கருவியால் ஒரேயடியாக அடுக்கியது. அந்தக் கமிட்டின் அடையாளத்தைத் தனிக் கோப்பில் குறித்து, 'யார் எப்போது எழுதினார்' என்று வரலாற்றைத் தேடும்போது இதைத் தாண்டிப் போ என்று கிட்டுக்குச் சொல்லியும் வைத்தார்கள். ஒரு தடவை, ஒரு முடிவு, ஒரு இயந்திரம். அந்த இயந்திரத்தின் வேலையைத்தான் நான்கு வருடம் இன்ஜினியரிங் படிக்கிறவனிடம் துளித்துளியாகச் செய் என்கிறார்கள்.

வரலாறு என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். கிட்டில் ஒவ்வொரு வரிக்கும் எழுதியவர் பெயர், தேதி, காரணம் இருக்கும். ஸ்டைல் பேட்ச் அந்த வரிமேல் உட்கார்ந்துகொண்டால், 'ஏன் இப்படி எழுதினார்கள்' என்று தேடி வருகிறவனுக்குக் கிடைக்கும் பதில் 'வெற்றிடம் நீக்கம்'. உ.வே.சா. சுவடிகளைப் பதிப்பித்தபோது ஒரு சொல் தனக்குப் பொருந்தவில்லை என்பதற்காக அதை மறைத்துவிடவில்லை. பாடபேதம் என்று கீழே குறித்துவைத்தார். புரியாததை வைத்துவிட்டுப் போகிற அந்தப் பழக்கம் நம்மிடம் இருந்திருக்கிறது.

எங்கள் ஊர்க் கல்வெட்டைப் பற்றிப் பேசாமல் உத்திரமேரூர்க்காரன் கட்டுரை முடிக்க முடியாது, மன்னித்துவிடுங்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு. குடவோலை விதிகள். பள்ளிப் பாடத்தில் வந்து, மேடைப் பேச்சுகளில் தேய்ந்து, இப்போது செல்ஃபி இடம். பலரும் கவனிக்காதது, இரண்டாவது முதலாவதின் திருத்தம் என்பதை. 919இல் ஒரு விதி போட்டார்கள். இரண்டே வருடத்தில், 921இல், திருத்தினார்கள். வாரியத்துக்கு வருகிறவரின் வயது 30 முதல் 60 என்று இருந்தது 35 முதல் 70 என்று ஆனது. யார் வரலாம், யார் கூடாது, கணக்குக் காட்டாதவன் என்ன ஆவான், அவன் உறவுக்காரர்கள் என்ன ஆவார்கள் என்று நீளமாக, விரிவாக எழுதினார்கள். முதல் கல்வெட்டைச் செதுக்கி அழிக்கவும் இல்லை. இரண்டும் சுவரில் இருக்கின்றன, ஆயிரத்து நூறு வருடமாக. முதல் விதியை நடத்திப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று பட்டவர்கள் எழுதிய திருத்தம் அது.

அந்தச் சபையை நான் கொண்டாட வரவில்லை. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். ஊரில் உழுதவர்களில் எத்தனை பேர் பெயர் அந்தக் குடத்துக்குள் போயிருக்கும்? ஓப்பன் சோர்ஸிலும் கால் வேலி இருக்கிறது. சொந்த லேப்டாப், ராத்திரி மூன்று மணி நேர ஓய்வு, தயங்காமல் எழுத வரும் ஆங்கிலம். இது மூன்றும் இல்லாதவனிடம் போய் 'கதவு திறந்துதான் இருக்கு, வெற்றிடத்தைச் சரி பண்ணு' என்று சொல்வது, சபைக்குள் இடம் கேட்டவனிடம் சுண்ணாம்பு வாளியைக் கொடுத்து, மண்டபத்துக்கு வெளிப்பக்கம் வெள்ளையடி, உன்னையும் உறுப்பினர் என்று எழுதிக்கொள்கிறோம் என்பது போன்றது. உத்திரமேரூரில் ஏரி வாரியம் என்று தனியாக ஒன்று இருந்தது. மதகுக்கு வெள்ளையடித்த கணக்கைக் காட்டி ஏரி வாரியத்தில் யாரும் பேர் வாங்கியிருக்க முடியாது. தண்ணீர் கடைமடைக்கு வந்ததா என்றுதான் கேட்டிருப்பார்கள்.

நஷ்டம் யாருக்கு என்பதில்தான் என் முழு வழக்கும் இருக்கிறது. எனக்கு முக்கால் மணி நேரம், போகட்டும். அந்தப் பையனுக்கு ஒரு வருடம். நான் வேலைக்கு ஆள் எடுக்கும் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். ரெஸ்யூமில் 'பதினாறு ஓப்பன் சோர்ஸ் பங்களிப்புகள்' என்று பார்த்தால் திறந்து பார்ப்போம். வெற்றிடம், வெற்றிடம், எழுத்துப்பிழை, வெற்றிடம். இரண்டு நிமிடத்தில் மூடிவிடுவோம். பெருநகரக் கல்லூரிப் பையனுக்கு இது பெரிய அடி இல்லை. அவனுக்குச் சீனியர் இருக்கிறான், மாமா இருக்கிறார், இன்டர்ன்ஷிப் இருக்கிறது. சாலவாக்கத்துப் பையனிடம் இருந்த ஒரே முதலீடு அந்த ஒரு வருடம். சின்னதா ஆரம்பி என்று சொன்னவர் நினைவுப் பரிசோடு கார் ஏறிப் போய்விட்டார்.

சின்னதாகவே ஆரம்பிக்கட்டும், ஆனால் உண்மையான ஒன்றில். விலை குறைந்த போனில் ஒரு செயலி எங்கே திணறுகிறது என்பது கலிஃபோர்னியாவில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது, இவனுக்குத் தெரியும். சிக்னல் போய்ப் போய் வரும் ஊரில் பதிவிறக்கம் பாதியில் நின்றால் என்ன ஆகிறது என்று இவனால் படிப்படியாக எழுதிக்காட்ட முடியும். அப்பா போனில் வரும் தமிழில் எந்த எழுத்து உடைகிறது என்று பார்த்துச் சொல்ல முடியும். ஒரு வழுவைத் திரும்ப நிகழ்த்திக் காட்டும் நல்ல அறிக்கை ஒன்று, ஒரு வரி கோட் இல்லாவிட்டாலும், நூறு கிளீனப்புக்கு மேல். பக்கத்தில் காஞ்சிபுரத்தில் காஞ்சிலக் என்று லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. தமிழில் கேட்கலாம், தமிழில் திட்டு வாங்கலாம்.

பொறுப்பாளர்களுக்கும் ஒன்று. கிளீனப்பை மறுங்கள், தயங்காமல் மறுங்கள். ஆனால் வெறுமனே மூடாதீர்கள். மறுத்த கையோடு ஒரு உண்மையான வேலையை நீட்டுங்கள். அது முடியாதென்றால், புதியவர்களை வரவேற்கிறோம் என்று முகப்பில் போட்டிருக்கும் அந்த வரியை முதலில் நீக்குங்கள். அது மட்டும் நல்ல கிளீனப்.

என் தொகுப்பில் இப்போதைய விதி இது: தோற்றத்தை மட்டும் மாற்றும் பேட்ச் ஏற்கப்படாது. அனுப்பினால் மூடப்படும், மூடும்போது திறந்திருக்கும் வழுக்களில் ஒன்றின் எண் தரப்படும். அந்தப் பையனுக்குக் கிடைத்தது ஔ. ஒரே எழுத்தாகத் தட்டிய ஔவையாரும், ஒகரத்தையும் ளகரத்தையும் தனித்தனியாகத் தட்டிய ஒளவையாரும் தேடலில் இன்னும் இரண்டு பேராகவே இருக்கிறார்கள். இரண்டு வாரமாக அதில் மாட்டிக்கொண்டு தவிக்கிறான். நேற்று இரவு பதினொன்றரைக்கு மெசேஜ்: "அண்ணா, ஒளியை மட்டும் எப்படிண்ணா தனியா விடுறது? அதுலயும் ஒ, ள தானே வருது?"